கடல் காணாத கடிகாரம்

பல்செட் செய்யும் பட்டறையில் எல்லோரும் அவளை நிமிஷக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த முதலாளிகூட அப்படித்தான். அச்சு வார்க்கும் மாவைத் தண்ணீரில் போட்டால் சரியாக ஒரு நிமிஷம் குழைக்க வேண்டும். குறைந்தால் அச்சில் குமிழ் விழும். கூடினால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அவள் இடது மணிக்கட்டைப் பார்த்தபடியே குழைப்பாள், "நிமிஷம் ஆச்சு" என்பாள், ஊற்றுவாள். அந்த ஊரில் எத்தனையோ பேர் கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சிரிப்பது அவள் பார்த்த நிமிஷத்தால்தான். சிரிக்கிறவர்களுக்கு அது தெரியாது, தெரிய வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை.

அந்தக் கைக்கடிகாரத்தை இருபத்திரண்டு வயதில், முதல் மாதச் சம்பளத்தில் வாங்கினாள். கடைக்காரர் கேட்காமலேயே லேடீஸ் வாட்ச் தட்டை எடுத்துப் போட்டார். எல்லாம் மொச்சைக்கொட்டை அளவு. தங்க முலாம் மினுங்கியது. ஒன்றிலும் நொடி முள் இல்லை.

"நொடி முள் உள்ளது வேணும்."

"லேடீஸ் வாட்சுல நொடி முள் எதுக்கும்மா?"

"நொடி பார்க்க."

அவர் சிரித்துக்கொண்டே, அவள் விரல் காட்டிய பெரிய எஃகுக் கடிகாரத்தை எடுத்தார். "இது ஆம்பளைங்க போடுறது. உங்க கைக்குப் பெருசா இருக்கும்."

"கை என்னோடதுதானே. எடுங்க."

வாரில் ஊசியைக் காய்ச்சி இரண்டு துளை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று கட்டியதைக் குளிக்கவும் தூங்கவும் தவிர அவள் கழற்றியதில்லை. பக்கத்திலேயே இரண்டு எவர்சில்வர் வளையல். கண்ணாடி வளையல் பட்டறையில் உடையும், தங்கம் கைக்கு எட்டாது.

மூன்றாம் வருஷம் அது ஒருநாள் நின்றுபோனது. ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். தலைமுடி போன்ற சுருள் ஒன்று உள்ளே சுருங்கி விரிந்து மூச்சு விட ஆரம்பித்தது. அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவேயில்லை. பழைய சாமான் கடைகளில் ஓடாத கடிகாரங்களைத் தேடித் தேடி வாங்கினாள். பல் மெழுகைச் செதுக்கும் கருவிகளாலேயே அவற்றைத் திறந்து, துடைத்து, ஓட வைத்தாள். எண்ணிக்கை முப்பத்தொன்றானது. காலையில் முப்பத்தொன்றுக்கும் சாவி கொடுத்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

"பொம்பளைக்கு எதுக்கு இத்தனை வாட்ச்? கை ரெண்டுதானே?" என்றாள் நாத்தனார், ஒருமுறை வந்திருந்தபோது.

"உங்ககிட்ட பதினோரு ஜோடி செருப்பு இருக்கே அண்ணி. கால் ரெண்டுதானே?"



அச்சகத்துக்கு மேல்மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கைக்கடிகாரச் சேகரிப்பாளர் சங்கம் கூடும். எட்டு வருஷத்துக்கு முன் அவள் நான்கு கடிகாரங்களைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு தனியாகத்தான் அங்கே போனாள். சங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாசலில் நின்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான். வாட்செல்லாம் அவரோடதுதானே?"

இல்லை, என்னுடையது என்றாள். அது அவர் காதில் ஏறவேயில்லை. அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டினார். மேலே 'உறுப்பினர்' என்று ஒரு கோடு. கீழே 'மனைவி (தேநீர் ஏற்பாடு)' என்று ஒரு கோடு. கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். ஆனால் அவர் தோளுக்கு மேலே, பச்சைத் துணி விரித்த மேசையில் நாற்பது கடிகாரங்கள் தெரிந்தன. உள்ளே போயே ஆக வேண்டும் என்றிருந்தது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். உறுப்பினர் கோட்டில் கணவர் கையெழுத்துப் போட்டார்.

அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். நல்ல மனுஷர். கடிகாரம் என்பது மணி பார்க்கும் சாமான், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது அவள் பின்னாலிருந்து பாடம் நடத்துவாள், சக்கர அச்சுகளைத் தாங்கும் சின்னக் கற்களின் கணக்கு உட்பட.

"இதுல எத்தனை கல்லு?"

"இருபத்தொண்ணு."

"பதினேழு."

"போன மாசம் இருபத்தொண்ணுன்னியே."

"அது வேற வாட்ச்."

அங்கே போனால் அவர் ஒப்புக்கு மேசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். அவள் அறையின் மறுகோடியில் மற்ற மனைவிமாரோடு டீ ஊற்றுவாள். தேநீர் ஆவி கடிகாரத்துக்கு ஆகாது, அதனால் பெண்கள் மேசைக்கு அருகே வரக்கூடாது என்பது சங்கத்தின் ஏற்பாடு. ஆண்கள் ஆவி பறக்கும் கோப்பையோடு மேசையில் குனிவதை யாரும் தடுத்ததில்லை. செயலாளரின் மனைவி கையில் சின்னத் தங்கக் கடிகாரம் ஒன்று மினுங்கும். எப்போதும் நாலே கால்தான் காட்டும்.

"இது ஓடுறதில்லையா அக்கா?" என்று நிமிஷக்கா ஒருநாள் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? போட்டுக்கக் குடுத்தாரு, போட்டிருக்கேன்."

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பச்சைத் துணியின் மேல் ஒன்றை வைத்துவிட்டால் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக்கூடாது. உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் முடிந்ததும் முதலில் பேசும் உரிமை, உறுப்பினர்களில் ஒருவரான வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு. இந்தச் சட்டத்தை ஆரம்பித்தவர் தலைவர்தான், கண்டிப்பும் அவருடையதுதான். ஒருமுறை யாரோ தவறுதலாகத் தங்கள் மூக்குக்கண்ணாடியைத் துணிமேல் வைத்துவிட, அதையும் பத்து நிமிஷம் மௌனமாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த வருஷக் கண்காட்சிக்கு முந்தைய கூட்டத்தில்தான் அவள் முதல்முறையாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். இதையும் பார்க்கட்டுமே என்று தோன்றியது. அன்று ரிப்பேர்க்காரர் காய்ச்சலில் படுத்திருந்ததால் முதலில் பேசும் வாய்ப்பு தலைவருக்குப் போனது.

"சாவித் திருகுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பள்ளம். பல வருஷ உராய்வு. சங்கிலியாத்தான் இருக்கணும். நங்கூரச் சங்கிலி."

"கைவிலங்கா இருக்கலாம் தலைவரே. ஜெயில் வார்டர் யாராவது…" என்றார் செயலாளர்.

"விலங்குன்னா கீறல் கோணலா விழும். இது மாலுமியோடது. கடல்ல வேலை பார்த்தவன்." தலைவர் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

கணவர் திருதிருவென்று விழித்தார். "வீட்டுல இருந்ததுங்க."

"அப்ப பரம்பரைச் சொத்து. சரியாப் போச்சு. கண்காட்சி அன்னைக்குக் கட்டாயம் கொண்டு வாங்க" என்று அதைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

மறுகோடியில் அவள் டீத்தட்டைப் பட்டென்று கீழே வைத்தாள். இரண்டு வளையல்களும் தட்டின் விளிம்பில் மோதி ஓசை எழுப்பின. அங்கிருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சி நோட்டீஸ் வந்தது. அட்டையில் அவளுடைய கடிகாரத்தின் படம். கீழே 'கடல் கண்ட கடிகாரம்: ஒரு மாலுமியின் துணை' என்று கொட்டை எழுத்து. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தவள் சோற்று டப்பாவை மூடி வைத்தாள். பத்தொன்பது வருஷம். எத்தனை ஆயிரம் அச்சு, எத்தனை ஆயிரம் நிமிஷம். அத்தனையையும் பிறக்கவே பிறக்காத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அழுகை வரும்போல இருந்தது, வந்தது கோபம்தான்.

"நீங்க ஏன் வாயைத் திறக்கல?" என்று சாயங்காலம் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திறந்தா நீ சொல்லிக் குடுத்தது எல்லாம் குழம்பி வெளிய வந்துடும்னு பயந்துட்டேன்." அவர் தலையைச் சொறிந்தார். "தப்புதான். அவர்கிட்ட நானே போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். எட்டு வருஷமா நீங்க சொன்னது போதும்."

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவளே போனாள். அது என் கடிகாரம், அந்தப் பள்ளம் என் வளையல் பட்டது என்றாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"முப்பது வருஷமா வாட்ச் பார்க்கிறவங்க நாங்க. வளையலாவது, எஃகைத் தேய்க்கிறதாவது. சரி, நீங்க சொல்றதே நிஜம்னு வைங்க. மாலுமி வாட்சைப் பார்க்க நூறு பேர் வருவான். பல்செட் பண்ற அம்மாவோட வாட்சைப் பார்க்க யார் வருவா? கீறல் மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ரிப்பேர்க்காரர்கிட்ட பாலிஷ் போட்டுத் தரச் சொல்றேன்."

அவள் படியிறங்கினாள். பாலிஷ் என்ற வார்த்தைதான் அவளை அதிகம் சுட்டது. தேய்த்து எடுத்துவிட்டால் அவள் இருந்த அடையாளமே அதில் இருக்காது.

கண்காட்சி அன்று மாடி நிறையக் கூட்டம். ஏழாம் நம்பர் கண்ணாடிப் பெட்டியில் மாலுமிக் கதை எழுதிய அட்டை மட்டும் இருந்தது. கடிகாரத்தைக் காணோம். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைப்பட வாட்ச் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்க, தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரைப் பிடித்து உலுக்கினார். கணவர் முதல்முறையாக எந்தப் பாடமும் படிக்காமல் பதில் சொன்னார்: "அது என்னோடது இல்லைங்க. அதோ, அவ வர்றா பாருங்க."

அவள் டீ மேசையைத் தாண்டி நேராக நடந்து வந்தாள். பச்சைத் துணி மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை, கடிகாரமும் வளையல்களுமாகத் துணியின் மேல் வைத்தாள்.

"அம்மா, இதென்ன…" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"ஸ்ஸ்" என்றார் ரிப்பேர்க்காரர். "துணிமேல வச்சாச்சு."

தலைவர் வாயை மூடிக்கொண்டார். சட்டம் அவருடையது, மூடாமல் என்ன செய்வார்? ஒவ்வொருவராக வந்து உருப்பெருக்கியோடு அவள் கைமேல் குனிந்தார்கள். அவள் கையை லேசாகச் சாய்த்தாள். வளையல்கள் வழுக்கி வந்து கடிகாரத்தின் விலாவில் இடித்து, இரண்டு பள்ளங்களிலும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. செயலாளர் பார்த்தார். தலைவர் ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மூச்சுக் காட்டவில்லை. மேசையில் கேட்ட ஒரே ஓசை அவளுடைய கடிகாரத்துடையது. நேரம் பார்த்ததும் அவள்தான்.

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள்.

ரிப்பேர்க்காரர் தொண்டையைக் கனைத்தார். "மாலுமியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எவர்சில்வர் வளையல், ரெண்டு. பதினஞ்சு வருஷத்துக்குக் குறையாத தேய்மானம். இந்த வாட்ச் இந்தக் கையிலதான் இருந்திருக்கு."

"பத்தொன்பது" என்றாள் அவள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. அடுத்த மாசக் கமிட்டியில பேசி ஒரு முடிவெடுக்கலாம். இப்ப அதைக் கழட்டிப் பெட்டியில வைங்க. சனம் காத்திருக்கு."

"படிவம் கொண்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். இல்லேன்னா கையை எடுத்துக்கிட்டு நான் வீட்டுக்குப் போறேன். நோட்டீஸை வச்சுக்கிட்டு நீங்களே சனத்துக்குப் பதில் சொல்லுங்க."

படிவம் வந்தது. உறுப்பினர் என்ற கோட்டில் தன் பெயரை எழுதினாள். கீழே 'மனைவி' என்பதை அடித்துவிட்டுக் 'கணவர்' என்று எழுதி, அவர் பெயரைப் போட்டாள். தேநீர் ஏற்பாடு என்பதை மட்டும் அடிக்கவில்லை. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எத்தனை கரண்டி போடுறது?" என்று கேட்டபடி மறுகோடிக்கு நடந்தார்.

மாலுமி அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவளே எழுதினாள்: 'பல்செட் பட்டறையில் பத்தொன்பது வருஷம் நிமிஷம் பார்த்த கடிகாரம். கீறல்கள் வளையல் பட்டவை. பாலிஷ் போடப்படாது.'

"இதைப் பெட்டியில வைங்க. வாட்ச் என் கையிலதான் இருக்கும். பார்க்கணும்னு நினைக்கிறவங்க என்கிட்ட வரட்டும்."

வந்தார்கள். மதியம்வரை வரிசை குறையவில்லை. ஒரு பெண், ஊசியால் போட்ட துளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நொடி முள் உள்ளது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனாள். தலைவர் தள்ளி நின்று, கூட்டம் கூடுகிறதே என்று சந்தோஷப்படுவதா, யாருக்காகக் கூடுகிறது என்று வருத்தப்படுவதா என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது செயலாளரின் மனைவி டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நாலே காலில் நின்றுபோன தங்கக் கடிகாரத்தோடு தன் கையைப் பச்சைத் துணியின் மேல் நீட்டினாள்.

"ஏய், நீ எதுக்கு…" என்றார் செயலாளர்.

நிமிஷக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பேசக்கூடாது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."