மூன்று பிடி தவிடு

எனக்கு எட்டு வயது நடந்தபோது என்னை விற்றார்கள். விலை மூன்று பிடி தவிடு. விற்றவள் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், நான்காம் வீட்டில் இருந்த என் அம்மா. வாங்கியவள் ஒன்பதாம் வீட்டுக்காரி. இரண்டு வாசல்களுக்கும் நடுவே, அன்றைய என் காலால், நாற்பத்தொரு அடி.

இப்போது எனக்கு எண்பத்தொன்பது. காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று. மகள் டப்பாவை நிரப்பி வைத்த பிறகு நான் ஒருமுறை கொட்டி, எண்ணி, மறுபடி நிரப்புகிறேன். "நான் என்ன வெசமாப்பா வெக்கப் போறேன்?" என்கிறாள். அவளுக்குப் புரியாது. எண்ணாமல் விட்டால் எதுவோ ஒன்று குறைந்துவிடும் என்ற பயம் எனக்கு அந்த நாளிலேயே வந்துவிட்டது.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த இரண்டாம் ஆண்டு. கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். பால்வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களைச் சாய்த்த இடமெல்லாம் மரவள்ளி நட்டிருந்தோம். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி, காதில் பென்சிலோடு, செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார். "இருக்கேன்" என்று பதில் சொன்னவர்களில் முப்பத்திரண்டு பேரைத் தனியாக நிற்க வைத்தார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம் என்றார்கள். அப்பா இருபத்தேழாவது ஆள். லாரியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு திரும்பி வரவில்லை. அன்று காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் பெயரையும் கிராணி கூப்பிட்டார். பதில் இல்லை. அவரை விட்டுவிட்டார்கள். பதில் சொன்னவன்தான் போகிறான் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அப்பா போன நாற்பது நாளுக்குள் அக்காவும் தம்பியும் மலைக்காய்ச்சலில் போனார்கள். அக்கா ஒரு புதன்கிழமை. தம்பி அடுத்த திங்கள். அந்த வாரமே எனக்கும் குளிர் கண்டது. எமன் எருமையில் வருவான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எருமையை நான் கம்பத்து வயல்களில், மலாய்க்காரர்களின் கிராமங்களில், பார்த்திருக்கிறேன். அது பாவம், ஒன்றும் செய்யாது. நான் பயந்த எமன் வேறு. அவன் காதில் பென்சில் செருகியிருந்தான். கையில் செக்ரோல் வைத்திருந்தான். லயத்து வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தான்.

பண்டாரம்தான் வழி சொன்னார். அவர் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி. மற்ற நாளில் எல்லாரையும்போல மரவள்ளி நடுகிறவர். பிள்ளை தங்காத வீட்டில் மிஞ்சிய பிள்ளையைக் குப்பையில் போட்டு, தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்றார். எமன் நான்காம் வீட்டுக்கு வந்தால் அங்கே பிள்ளை இருக்காது. ஒன்பதாம் வீட்டில் இருப்பது அவன் தேடி வந்த பிள்ளை அல்ல. மூன்று தீமிதி முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். மூன்றாம் ஆடியின் கடைசி வெள்ளிக்கிழமை, அதே விலையைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

அரிசியே இல்லாத இடத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? மரவள்ளித் தோலை வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். "நாமதான் கெழங்கு திங்கிறோம். எமனுக்கும் அதையேவா குடுப்பீங்க?" என்று பண்டாரம் கேட்டுவிட்டார்.

அம்மா நான்கு மைல் நடந்து ஒரு மலாய்க் கம்பத்துக்குப் போனாள். அங்கே நெல் குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் தன் கல்யாணப் புடவையைக் கொடுத்துத் தவிடு கேட்டாள். வாத்துக்கா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு மலாய் மொழியில் தெரிந்தது ஏழெட்டுச் சொல். "அனாக், அனாக்" என்று, பிள்ளைக்கு என்று, சொல்லியிருக்கிறாள். பிள்ளை தவிடு தின்கிறதே என்று அந்தப் பெண் கண் கலங்கி, இரண்டு வாத்து முட்டையையும் மடியில் போட்டு அனுப்பினாளாம். அம்மா கொண்டுவந்தது ஆறு பிடி. மூன்று விற்பதற்கு, மூன்று மீட்பதற்கு. வாங்குகிறவளிடமும் தவிடு இல்லை. ஆகவே என்னை வாங்குவதற்கான விலையை அம்மாவே முதல்நாள் ஒன்பதாம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் என்னை உட்கார வைத்தார்கள். காய்ச்சலில் தலை நிற்கவில்லை. பண்டாரம் எலுமிச்சை முள்ளால் என் மூக்கைக் குத்தி, மூக்குத்திக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகினார். குப்பன் என்று பெயர் வைத்தார். ஒன்பதாம் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசினாள்.

"இந்தக் கழிசடைக்கு மூணு பிடி தவிடே அதிகம். அதுக்கு மேல ஒரு உமிகூடத் தர மாட்டேன்."

"எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு வேணாம்" என்றாள் அம்மா.

அழக்கூடாது என்று பண்டாரம் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை.

அன்றுமுதல் நான் பெற்றவளை அத்தை என்று கூப்பிட வேண்டும். வாங்கியவளைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். வாய் தவறினால் எமனுக்குக் கேட்டுவிடும். மூன்றாம் தீமிதி எந்த நாளில் வரும் என்று பண்டாரத்தை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள். ஒன்பதாம் வீட்டு அடுப்புக் கரியை எடுத்துப் பின்சுவரில் நாளுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் வீட்டில் புகட்டிய கசாயத்தாலா, தவிட்டாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். "அஞ்சு கொரங்கு மேய்க்கிறேன், ஆறாவதா ஒன்னு வந்து மேயட்டும்" என்பாள் அவள். அவித்த கிழங்கை ஆறாக வெட்டுவாள். நான் ஒவ்வொரு துண்டையும் கண்ணால் அளந்து பார்ப்பேன். என்னுடையது ஒருநாளும் சிறியதாக இருந்ததில்லை. ஒருமுறை அவள் அதைக் கவனித்துவிட்டாள். "என்னாடா குப்பா, கிராணி வேலைக்குப் போகப் போறியா? தின்னுடா" என்று தலையில் குட்டினாள். அந்தக் குட்டு வலிக்கவில்லை. அவளை அம்மா என்று கூப்பிடுவது முதல் மாதம் கூச்சமாக இருந்தது. பிறகு வாய் தானாகச் சொன்னது. "அம்மா" என்பேன், அடுப்படியிலிருந்து "என்னாடா" என்று வரும்.

விதியை என்னைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டவள் என் அம்மாதான். ஆரம்பத்தில் நான் நான்காம் வீட்டு வாசலில் போய் நிற்பேன். "யாரு வீட்டுப் பையன் இது? ஒங்கம்மா தேடுவா, போ" என்பாள். குரலில் ஒன்றுமே இருக்காது. இருபத்திரண்டு முறை போனேன். அதற்குப் பிறகு போகவில்லை. நிஜமாகவே விற்றுவிட்டாள் என்று முடிவு செய்தேன். ஆனாலும் மரவள்ளிக் காட்டுக்குப் போகிற பெண்கள் வரிசையில் அவள் எத்தனையாவதாகப் போகிறாள் என்று தினமும் எண்ணினேன். அவள் தலையில் கூடையுடன் திரும்பி வரும்போது சாக்குத்துணிச் சேலையின் நிறம் தூரத்திலேயே தெரியும். அந்த நாற்பத்தொரு அடியை ஒரே ஓட்டமாக ஓடிக் கடப்பதாக எத்தனை முறை நினைத்திருப்பேன் என்பதை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

இரண்டு தீமிதி கடந்தன. மூன்றாவதற்கு இருபத்தைந்து நாள் இருந்தபோது அம்மா படுத்துவிட்டாள். அதே காய்ச்சல்தான். அதற்கான குயினா மாத்திரை தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் வீட்டுக்காரிதான் போய்த் துடைத்துவிட்டு, மாற்றுத்துணி கட்டிவிட்டு வந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் அவளுக்கு வேறு வேலை இருந்ததால், கிழங்குமாவுக் கஞ்சியை என்னிடம் கொடுத்தனுப்பினாள். எழுநூறு நாளுக்கு மேல் ஆகி நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். மேலே, உத்திரத்திலிருந்து ஒரு சிறு துணிமூட்டை தொங்கியது.

அம்மா கஞ்சியை இரண்டு வாய் குடித்தாள். என் மூக்குக் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"யாரும் இல்ல. கதவச் சாத்திட்டு ஒரே ஒரு தடவ கூப்பிடு."

எனக்குப் புரிந்தது. உடனே பயமும் வந்தது. கதவைச் சாத்தினால் மட்டும் காதில் பென்சில் செருகியவனுக்குக் கேட்காமல் போகுமா? எழுநூற்று எழுபத்தைந்து கோடு போட்டிருக்கிறேன். இப்போது தவறினால் எல்லாம் வீண். செத்துப்போவேன். அதோடு, இது அவள் வைக்கிற பரீட்சையாகவும் இருக்கலாம். இத்தனை நாளும் யாரு வீட்டுப் பையன் என்று கேட்டவள்தானே.

"இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு அத்தே" என்றேன்.

அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஆமா. கணக்கு சரிதான்" என்றாள். "நல்லா எண்ணுறே." சிரித்ததுபோல்தான் இருந்தது. மிச்சக் கஞ்சியோடு வெளியே வந்தபோது, பரீட்சையில் தேறிவிட்ட பெருமை எனக்கு. நாற்பத்தொரு அடியையும் நிமிர்ந்து நடந்தேன்.

வியாழக்கிழமை அம்மா போய்விட்டாள்.

கொள்ளி வைப்பது யார் என்று ஆண்கள் வாசலில் நின்று பேசினார்கள். ஒரே மகன் இருக்கிறான், ஆனால் விற்ற மகன். ஒன்பதாம் வீட்டுக்காரி நடுவில் வந்து நின்று சொன்னாள்: "அவன் வெக்கக்கூடாது. மிச்ச நாளும் முடியட்டும், பையன் பக்கத்துல வரக்கூடாதுன்னு அவளே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா." தூரத்து உறவுக்காரர் ஒருவர் வைத்தார். நான் ஒன்பதாம் வீட்டின் பின்சுவரில் அன்றைய கோட்டைப் போட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதியும் மூன்றாம் தீமிதியும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தன. விடிந்ததும் முதல் வேலையாக என்னை மீட்டுவிட வேண்டும், பிறகு நானே மகனாக உட்கார்ந்து பிண்டம் வைக்கலாம் என்று பண்டாரம் வழி சொன்னார். உத்திரத்து மூட்டையை அவிழ்த்தார்கள். ஊரே ஈச்சங்குருத்தையும் காட்டுக்கீரையையும் தின்ற நாளில் அம்மா அந்த மூன்று பிடியைத் தொடவில்லை. வண்டு பிடித்திருந்தது. மீட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாததால், என் கையாலேயே அள்ளி என் விலையைக் கொடுத்தேன். என் கைக்கு ஐந்து பிடி வந்தது. மூன்றுதானே என்று குழம்பிப்போய் மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஐந்து. எமன் ஏமாற்றிவிடக்கூடாது என்று அம்மா இரண்டு பிடி கூடுதலாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குச்சியை உருவினார்கள். தலையை மழித்தார்கள். ஆற்றங்கரைக்குப் போனோம். பிண்டத்துக்கு அரிசி மாவு இல்லை. ஒன்பதாம் வீட்டுக்காரி, சற்றுமுன் விலையாக வாங்கிய அந்தத் தவிட்டையே முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்தேன். இலையில் வைத்தேன்.

"இப்ப ஒங்கம்மாவ வந்து சாப்புடச் சொல்லிக் கூப்புடு" என்றார் பண்டாரம். "தாராளமாக் கூப்புடலாம். இனிமே ஒன்னும் இல்ல."

ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டேன். "அம்மா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் இருந்த காகம்கூட அசையவில்லை. மறுபடி, கொஞ்சம் பலமாக, "அம்மா" என்றேன்.

"என்னாடா" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒன்பதாம் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு பெண் "ஐயையோ, செத்தவளக் கூப்புட்டதுக்கு நீ ஏண்டி பதில் சொன்னே" என்று மார்பில் கை வைத்தாள். பண்டாரத்தின் முகம் வெளுத்தது. விபூதியைக் கொண்டுவந்து அவள் நெற்றியில் மூன்று முறை பூசினார். பதில் சொன்னவன்தான் போகிறான். முப்பத்திரண்டு பேர் அப்படித்தான் போனார்கள்.

அடுத்த வாரமே ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று செய்தி வந்தது. அடுத்த மாதம் ஒரு லாரியில் குயினா மாத்திரை வந்தது, ஆளுக்குப் பத்து. நான் மறுபடி சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், இந்த முறை ஒன்பதாம் வீட்டுக்காரிக்காக. நூறு கோடு வந்தது. முந்நூறு வந்தது. அவள் போகவில்லை. என்னை மீட்டாகிவிட்டது என்றாலும் போக வீடு இல்லாததால் அங்கேயே வளர்ந்தேன். கிழங்கும், பிறகு சோறும், ஆறு பங்காகவே விழுந்தது. அவள் தன் எண்பத்திரண்டாம் வயதில், சிரம்பானில், என் வீட்டில்தான் கண்ணை மூடினாள். நான்தான் கொள்ளி வைத்தேன்.

அந்த ஆற்றங்கரைப் பேச்சு வரும்போதெல்லாம், "பழக்கத்துல வந்திருச்சுடா" என்று சிரிப்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன். பதில் சொன்னவன்தான் போகிறான் என்ற எமன் கணக்கு எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை. முதல் முறை கூப்பிட்டபோது அவள் வாய் திறக்கவில்லை என்பதையும், எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அன்று எண்ணவில்லை.