அண்ணாச்சியின் கார் இருமவே இல்லை

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். மூன்றே வரி. இரண்டு வாரமாக என் பத்தியில் உப்பும் இல்லையாம், உறைப்பும் இல்லையாம். உடம்பு சரியில்லையா, அல்லது வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்திருக்கிறார்.

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. வீட்டிலும் சண்டை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஏர் கிளீனர்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடித்துவிட்டு ஓடுவதில்லை. காற்றையும் இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றில் வருகிற தூசியைத் தடுத்து நிறுத்துகிற டப்பாவுக்குத்தான் ஏர் கிளீனர் என்று பெயர். கொஞ்ச நாள் முன்பு வரை எனக்கே இது தெரியாது. பொறாமைப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

ஆமாம், பொறாமைதான். நாகரிகமாக வேறு பெயர் வைத்துப் பார்த்தேன்... ஒட்டவில்லை.

என் கார் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலேயே அது பல தடவை நடுரோட்டில் நின்றிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயம், எண்ணூர்ப் பக்கத்தில் வேலை பார்த்த இரண்டு துரைகள் தங்கள் கார்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். இரண்டும் ஒரே மாதிரி சீமைக் கார்கள். ஒரே சாம்பல் நிறம், நான்கு கதவு, குடும்பத்தோடு போக வசதி. ஒன்றை நான் வாங்கினேன். இன்னொன்றை, திருவொற்றியூரில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் செல்வராஜ் அண்ணாச்சி வாங்கினார்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர் — தெருக்கோடி பெட்டிக்கடையில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கினால் முதல் பிரதி அவருக்குத்தான். ஒரு மனிதரை வெறுக்க முடியாதபடி இத்தனை தகுதிகள் அவருக்கு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் என்னதான் செய்வான்? அவர் காரை வெறுக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். என் மனைவி சரோஜா ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் ஆபீஸ் துறைமுகத்தில். தினமும் காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டு, அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் ஆபீஸ் போவேன். அந்த இருபது நிமிஷம்தான் எங்களுக்கென்று இருக்கிற நேரம். மாலையில் அவளுக்கு நோட்டுத் திருத்த வேண்டும். கப்பல் வந்துவிட்டால் நான் வீடு திரும்ப எத்தனை மணி ஆகுமோ, அது கப்பலுக்குத்தான் தெரியும்.

இந்த வாரம் என்ன எழுதப்போகிறேன் என்பதை அந்த இருபது நிமிஷத்தில்தான் அவளிடம் சொல்வேன். அவள் சிரித்தால் எழுதுவேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் எழுதமாட்டேன். இத்தனை வருஷமாக இந்தப் பத்தி இப்படித்தான் நடந்து வருகிறது.

வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. துறைமுகத்துச் சரக்கு வண்டிகள் போகிற பாதை. எட்டு மணி சுமாருக்குக் கேட்டைச் சாத்தினார்கள் என்றால், வேகன்கள் முன்னே போய், நின்று, யோசித்து, பின்னே வந்து, மறுபடி முன்னே போய்... கால் மணி நேரம் போய்விடும்.

அண்ணாச்சியும் ஏழே முக்காலுக்குத்தான் புறப்படுவார். அவர் மகள் பொற்கொடி, சரோஜாவின் பள்ளியிலேயே படிக்கிறாள். அவர் கார் கேட்டைத் தாண்டிவிடும். பின்னாலேயே நான் போய்ச் சேரும்போது கேட்கீப்பர் சங்கிலியை மாட்டிக்கொண்டிருப்பார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இதே கதை. உங்கள் காரைப் போலவே இருக்கிற ஒரு கார் கேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வயிறு எரியும்.

சரோஜாவின் பள்ளியில் தாமதமாக வந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் ரிஜிஸ்தரில் சிவப்பு மசியால் ஒரு கோடு போடுவார். பதினோரு வருஷ சர்வீஸில் அந்தக் கோட்டையே பார்க்காதவள் என் மனைவி. ஒரே மாதத்தில் ஐந்து கோடு வாங்கினாள்.

ஒரே கார். ஒரே வயசு. ஒரே ரோடு. பின்னே அவர் வண்டி மட்டும் எப்படிப் பறக்கிறது? இன்ஜினில் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் இரண்டு கார்களுக்கும் மெக்கானிக் ஒருவர்தான். பெயர் ஏழுமலை. குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகாமல் யுத்த காலத்தில் மிலிடரி லாரிகளோடு போனவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். அண்ணாச்சி காருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"அதுல ஒண்ணுமே இல்ல சார். துரை உட்டுட்டுப் போன டப்பா அப்டியே கீது. மாசத்துக்கு ஒரு தபா வந்து கயட்டிக் கயுவிக்கினு போறாரு. அவ்ளோதான்."

நம்புவேனா? நம்பிவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பொறாமைப்படுவது? அண்ணாச்சி ஏழுமலையின் வாயைக் கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். பூவரச மரத்தடியில் நின்ற அவர் காரின் பானெட்டை மெதுவாகத் தூக்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. என்ன சார், எதையாவது தேடுதியளா என்று கேட்டார் அண்ணாச்சி. கோபமே இல்லை. அவரே பானெட்டை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டார். "நல்லாப் பாருங்க சார். நம்ம வண்டியும் ஒங்க வண்டியும் ஒண்ணுதானே" என்றார். பார்த்தேன். பழைய டப்பாதான். மோர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன். நான் வருவது தெரிந்து புது டப்பாவைக் கழற்றி ஒளித்துவிட்டார் என்று, அந்த மோரைக் குடித்தபடியே தீர்மானித்தேன்.

இனி நானும் ஏதாவது மாட்டியாக வேண்டும். என்ன மாட்டுவது?

யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த மிலிடரி லாரிச் சாமான் ஒன்று கிடைத்தது. அடியில் எண்ணெய் ஊற்றி வைக்கிற ரகம். தூசியெல்லாம் எண்ணெயில் விழுந்து தங்கிவிடும். அருமையான சாமான், ஆனால் இட்லிப் பானை அளவு இருந்தது. வைத்துப் பார்த்தோம், பானெட் மூடவில்லை. ஏழுமலை தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். பிஸ்கட் டின்னில் எண்ணெயில் நனைத்த தேங்காய் நாரை அடைத்து மாட்டிவிடலாமாம், தூசியும் நிற்கும், காற்றும் போகுமாம். இருக்கலாம். ஆனால் பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டா அண்ணாச்சியை முந்துவது? எனக்கு மானம் மரியாதை இல்லையா?

கடைசியில் மவுண்ட் ரோடு கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தேன். சீமைச் சரக்கு. வெள்ளி மாதிரி பளபளக்கும் வட்டமான கம்பிச் சல்லடை. காற்று தாராளமாக உள்ளே போகும், இன்ஜின் கர்ஜிக்கும் என்றார் கடைக்காரர். கர்ஜிக்கும் என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். விலையை இங்கே எழுதமாட்டேன், சரோஜா படிப்பாள்.

ஏழுமலை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷோக்காத்தான் கீது சார். ஆனா நம்மூரு கரித்தூளும் கடல்மணலும் இதுக்குள்ள சும்மா பூந்து போவும். பிஸ்டனு தேஞ்சிடும். இது உனுக்கு வாணாம்."

வேண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே மாட்டினார். வாரா வாரம் கழற்றிக் கழுவ வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் போக வேண்டுமாம். அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற ஜெட் ஒன்றைப் பெரிதாக மாற்றினார். பிளக்குகளைத் தேய்த்து இடைவெளி பார்த்தார். ஸ்பார்க் விழுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி, இன்ஜின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்ததும் ஒரு இழை பின்னால் இழுத்து முடுக்கினார். நமக்குக் கிடைக்கிற பெட்ரோலுக்கு இதற்கு மேல் தாங்காது என்றார்.

எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். உப்பளத்தில் நின்ற கொக்குகள் அந்தச் சத்தத்துக்கு மொத்தமாக எழுந்து பறந்தன. வேகம் மெய்யாகவே கூடியிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தானாகச் சிரித்தேன். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கர்ஜித்துக்கொண்டு போனோம். கேட் சாத்தியிருந்தது.

சரோஜாவுக்கு ஆறாவது கோடு. அன்று சாயங்காலம் அவள் கோபப்படவில்லை. பொற்கொடி ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள், நாளையிலிருந்து அவர்கள் காரிலேயே போய்விடுகிறேன் என்று, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

இரண்டு வாரம். அவள் அந்தக் காரில் முன்னே போவாள். நான் தனியாகப் பின்னே போவேன். நான் கர்ஜித்து நெருங்கும்போது அந்தக் காரின் பின்கண்ணாடியில் அவள் தலை தெரியும். ஒரு நாள் அவள் தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்து குலுங்கியது. சிரிக்கிறாள்! என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? அப்படி என்ன சொல்லியிருப்பார் அண்ணாச்சி? மிளகாய் வற்றலில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே போனேன். கேட் விழுந்தது. வேகன்களைப் பார்த்தபடி, கர்ஜிக்கிற காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் என் டிபன் டப்பா இருந்தது. யாரிடம் சொல்லிப் பார்த்து நான் பத்தி எழுதுவது?

மாதவரத்து நண்பரே, நீங்கள் உப்பில்லை என்று சொன்ன இரண்டு வாரம் அதுதான்.

போன சனிக்கிழமை மாலை என்னால் தாங்க முடியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் காரில் என்று கேட்டேவிட்டேன். சரோஜா நோட்டுத் திருத்துகிற பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கார்ல ஒண்ணும் இல்ல. நீங்கதான் தினமும் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறீங்க. அவர் வண்டி ஸ்டார்ட் ஆகறதைக் காது குடுத்துக் கேக்கறீங்க. அது இருமாதா, நின்னு போகாதான்னு பாக்கறீங்க. அவர் தெருமுனை திரும்பின அப்புறம்தான் கார்லயே ஏறுறீங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல கேட்டு சாத்தாம என்ன செய்யும்?"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். ஒவ்வொரு காலையும் நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது இருமாதா என்று காத்திருக்கிறேன். அண்ணாச்சியின் கார் இருமவே இல்லை. எப்படி இருமும்? அவர்தான் மாதம் தவறாமல் டப்பாவைக் கழுவுகிறாரே.

மெதுவாக இன்னொன்றும் கேட்டேன். அன்றைக்கு அந்தக் காரில் அப்படி விழுந்து விழுந்து சிரித்தாயே, எதற்கு?

"சிரிக்கல. தும்மினேன். பின் சீட்டுல எப்பவும் ஒரு மிளகாய் மூட்டை இருக்கும். ரெண்டு வாரமா தும்மிக்கிட்டுதான் போறேன்."

என் மனதுக்குள் எத்தனை குளிர்ச்சி என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை என் காரில் வருகிறாயா என்று கேட்டேன். ஏழே முக்காலுக்கு நான் காரில் இருப்பேன், நீங்கள் இருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டாள்.

இருந்தேன். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டார்ட்டரை இழுத்தேன். சல்லடை தெருவே அதிரக் கர்ஜித்தது. தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். சாவி கையில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் கேட்டைத் தாண்டினோம். பின்னால் சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது. இந்தக் கதையைத்தான் அன்று வழியில் சரோஜாவிடம் சொன்னேன். சிரித்தாள். தும்மல் இல்லை, சிரிப்பேதான்.

செவ்வாயும் அண்ணாச்சி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். புதன்கிழமை பொற்கொடி தானாகவே வந்து என் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். நேற்று அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஒங்க வண்டி என்னமா உறுமுது சார். மனசே சரியில்ல. புள்ளகூட அதுலதான் போவேன்னு நிக்கா. அந்தச் சல்லடையை எங்க வாங்கினிய? நானும் ஒண்ணு வாங்கி மாட்டிரலாம்னு பாக்கேன்."

தனியாகக் கேட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் கடை விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் போனதும் சரோஜா பிடித்துக்கொண்டாள். நீங்கள் செய்தது அநியாயம், அவர் கடைக்குப் போவதற்குள் உள்ளதையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றாள். சொல்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இதோ, சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல், எழுத்தில், என் பெயரும் போட்டு.

எங்கள் தெருக்கோடி பெட்டிக்கடைக்கு இந்தப் பத்திரிகை வாரம் ஆறு பிரதி வரும். இந்த வாரம் ஆறையும் எனக்கே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.