எஞ்சினுக்கு மூடி போட்டவன் வாழ்க

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜை நாள். அருப்புக்கோட்டையில் என் புகுந்த வீட்டு வாசலில், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார் நின்றது. என் மாமனார் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையில் சந்தனக் கிண்ணத்துடன் உள்ளே பார்த்தபடி நின்றார். பழைய கார் இருந்தவரை அந்தப் பூஜை அரை மணி நேரம் நடக்கும். ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு, கார்புரேட்டருக்கு ஒரு பொட்டு, பெட்ரோல் பம்புக்கு ஒரு பொட்டு என்று பேர் சொல்லிச் சொல்லி வைப்பார். கல்யாணப் பந்தியில் விசாரிப்பது போல ஒன்றையும் விடமாட்டார். புதுக் காரில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று, கம்பெனி பேரை நெற்றியில் எழுதிக்கொண்டு கிடந்தது. கடைசியில் அதன் நடுவில் ஒரே ஒரு பொட்டை வைத்தார். மறுநாள் அது காய்ந்து உதிர்ந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமா மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தார். வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கினாலே அது எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். காரிலும் அதே தோரணைதான். நல்ல மனிதர், குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

நான் பந்தல்குடிக்காரி. அப்பாவுக்குத் தூத்துக்குடி சாலையில் இரண்டு லாரிகள் ஓடின. லாரி செட்டில் கிடந்த பழைய ஜீப்பில் ஓட்டிப் பழகி, கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியிருந்தேன். எண்பதுகளின் நடுவில் நான் மருமகளாக வந்தபோது, பட்டுச்சேலைகளுக்கு இடையில் அந்த லைசென்ஸும் பெட்டியில் வந்து சேர்ந்தது. அப்பா காலமான பிறகு அம்மா பந்தல்குடியில் தனியாக இருந்தார். அரை மணி நேர வழிதான். ஆனால் மண்டிக்காரர் வீட்டு மருமகள் தனியாகப் பஸ் ஏறக் கூடாது. காரில் போகலாம் என்றால் வீட்டு ஆண்களுக்கு ஒழிய வேண்டும். போனாலும் ஓட்டி வந்தவர் மணியைப் பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பார். அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “உடனே கெளம்பணுமா?” என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். “நித்தம் போனா முத்தம் சலிக்கும்” என்பார் என் மாமியார். நான் போன லட்சணத்துக்கு அந்த முற்றத்தில் புல்லே முளைத்திருக்கும். எனக்கு நகை வேண்டாம், சேலை வேண்டாம். நினைத்தபோது சாவியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சாவியைக் கேட்டால் மாமா பரீட்சை வைப்பார். பானெட்டைத் திறந்து, “இது என்னன்னு சொல்லும்மா, பாப்போம்” என்பார். நான் விடாமல் கற்றுக்கொண்டு சொன்னேன். அடுத்த முறை கேள்வி மாறிவிடும். “பாயிண்டுக்கு எத்தன கேப்பு வைக்கணும்? பெட்ரோல் பம்பு சூடேறி வண்டி நின்னா என்ன செய்வ?” ஈரத்துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவேன் என்று சரியாகவே சொன்னாலும் தலையை ஆட்டுவார். “ஓட்டுறது பெருசில்லம்மா. கருவக்காட்டுக்கு நடுவுல நின்னு போச்சுன்னா எஞ்சின் தெரிஞ்ச ஆளு வேணும்.” ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாத என் கணவர் மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போவார். பன்னிரண்டு வருஷம் ஒரே வகுப்பில் தோற்றவள் நானாகத்தான் இருப்பேன். இரவில் படுத்துக்கொண்டு அழுததும் உண்டு. அழுகை என்பதைவிட ஆத்திரம் என்பதுதான் சரி.

புதுக் காரை எடுக்க மதுரைக்குப் போனபோது, ‘இந்த மூடி எதுக்கு?’ என்று மாமா கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. அவர் கையெழுத்துப் போட உள்ளே போன நேரத்தில் நான் மெக்கானிக்கிடம் கேட்டேன். சின்ன வயதுக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “சத்தம் வெளிய வராதுக்கா. தூசி அண்டாது. பாக்கவும் லட்சணமா இருக்கும். எல்லாத்துக்கும் மேல, வண்டிக்காரங்க சும்மா கைய வச்சு நோண்ட மாட்டாங்க, அதான் பெரிய லாபம்.” மூடியை எப்படிக் கழற்றுவது என்று கேட்டதும் நாலு போல்ட்டையும் தொட்டுக் காட்டினார். பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் பிளக் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினார். வீட்டுக்கு வந்து, காரோடு கொடுத்த புத்தகத்தை ஓய்ந்த மதியங்களில் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன்.

அடுத்த வைகாசியில் என் கொழுந்தனாருக்கு நரிக்குடியில் பெண் நிச்சயமானது. பூ வைக்கும் அன்று என் கணவரும் கொழுந்தனாரும் பழத்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாமா காரை ஓட்ட, மாமியாரும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். திருச்சுழி தாண்டியதும் ஒரு கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் மாமா வண்டியை நிறுத்தினார். பழைய கார் அந்த வழியில் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது.

“மாமா, சூடு காட்டுற முள்ளு பாதியிலதான் நிக்குது” என்றேன்.

“முள்ளு சொல்றதயெல்லாம் கேட்டா ஆகுமா?” என்று இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தார். மூடியில் கையை வைத்தார். நடு வெயிலில் ஓடி வந்த வண்டி, சுடாமல் என்ன செய்யும்? “கொதிக்குது பாத்தியா!” என்றார். பெட்ரோல் பம்பை ஒருமுறை தேடினார். அந்தக் காரில் பம்பு பின்னால் டேங்குக்குள் இருக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பம்பு எங்கே ஒளிந்திருந்தாலும் நனைந்துவிடட்டும் என்று காரில் கொண்டுவந்திருந்த தண்ணீரில் இரண்டு சொம்பு மொண்டு மூடியின் தலையில் ஊற்றிவிட்டார்.

பிறகு ஸ்டார்ட் செய்தார். கார் கிளம்பியது, ஆனால் கால் நொண்டும் மாடு போல உதறியது. ஐம்பது அடி போய் நின்றது. மாமா மறுபடி இறங்கி, அந்தக் கறுப்பு மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. மாமியார் கருப்பசாமிக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

நான் டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தேன். மாமா ஒரு எட்டு விலகி நின்றார். நாலு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் இருந்தது, பிளக் குழிகளில் தண்ணீரும் இருந்தது. ஒவ்வொரு வயராக உருவி, மாமியாரின் துண்டைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்தேன். பட்டுச்சேலையில் கறை பட்டது. பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் அன்றைக்கு எனக்கு உறவுக்காரி; பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் உலர்த்திக் கொடுத்தது. வயர்களை இடம் மாறாமல் மாட்டி மூடியைப் போட்டுவிட்டு, “ஸ்டார்ட் போடுங்க மாமா” என்றேன்.

“நீயே போடும்மா” என்றார்.

போட்டேன். எஞ்சின் உதறாமல் சீராக ஓடியது. அவருக்கு இடம் கொடுக்க நான் இறங்கப் போனபோது பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமா மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “நேரமாகுதுல்ல, எடு” என்றார்.

நரிக்குடியில் பெண் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் சிரித்துக்கொண்டே, “என்ன சம்பந்தி, மருமகள ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னால உக்காந்து வாரீக?” என்று கேட்டார். மாமா ஏதாவது சமாளித்துச் சொல்லி மறுபடி சாவியை வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: “இந்த வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இனி அவதான் ஓட்டுவா.” அந்த மனிதர்மேல் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை, அதற்கு முந்திய பன்னிரண்டு வருஷமும் சேர்ந்தாலும் வந்திருக்காது.

இப்போது நான் ஓட்டும் காரில் மூடி இன்னும் பெரிது. என் மகன் அதைப் பார்த்து, கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் நம்மிடம் மறைக்கிறான் என்று கோபப்படுகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் திறந்து கிடந்த எஞ்சின்தான் எனக்குப் பன்னிரண்டு வருஷம் கதவைச் சாத்தியது. மூடி வந்த பிறகு மாமாவும் நானும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம், நான் பாடத்தைப் படித்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம். அந்த மூடியைக் கண்டுபிடித்தவன் எந்த நாட்டுக்காரனோ, நன்றாக இருக்கட்டும்.

நரிக்குடியிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போனேன். ஹாரன் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு வேறு யாரோ இறங்கப் போகிறார்கள் என்று காரின் மறுபக்கம் போய் நின்றார். யாரும் இறங்கவில்லை. குனிந்து கண்ணாடி வழியாகப் பின் சீட்டையும் பார்த்தார்.

“யாரும்மா ஒன்னயக் கூட்டியாந்தது?”

“யாருமில்லம்மா, நாந்தான் வந்தேன்.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பழக்கம் விடாமல், “உடனே கெளம்பணுமா?” என்று கேட்டார்.

“நான் எப்பப் போறேனோ, அப்பத்தாம்மா வண்டி போகும்” என்றேன்.