கறி கழுவிய தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் லாரி, பிறகு செங்கல் சூளை. எங்கும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. உறுவையாறு என்ற ஊரில் மட்டும் ஒன்றரை வருடம் இருந்தேன். பன்றி வளர்த்த ஓர் அக்காவிடம் வேலை. வில்லியனூர் கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சோற்றை மூன்று சக்கர வண்டியில் டிரம்மோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பன்றியின் மேல்தாடையில் சுருக்குக் கயிறு போட்டு அசையாமல் நிறுத்தவும் எனக்கு வரும். அதனால் இன்னொரு வேலையும் கிடைத்தது.

பன்றிக் காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு கால்நடை டாக்டர், வாரத்தில் இரண்டு நாள் பட்டி பட்டியாகப் போய் ரத்தம் எடுப்பார். நான் பிடிப்பேன், அவர் ஊசி குத்துவார். என்னைவிட வயதில் சிறியவர். ஒரு பட்டியில் போட்ட செருப்பை அடுத்த பட்டிக்குள் போடக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைக்காமல் உள்ளே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்தக் காய்ச்சல் மனிதனுக்கு ஒட்டாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. ஒன்றுக்கு உறுதியானால் அந்தப் பட்டியில் நன்றாக இருப்பவற்றையும் சேர்த்துக் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள்.

அக்காவிடம் பின் கொட்டிலில் மூன்று பன்றிகள். குறுக்கே ஒரு சுவர். முன் கொட்டிலில் ஒரு சினைப் பன்றி. அக்காவின் அடுத்த வருடம் முழுவதும் அதன் வயிற்றில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு பெரியவர் பன்றி பிடிக்கக் கூப்பிட்டார். அவருடைய பன்றி ஒன்று முந்தின நாளிலிருந்து தீனி எடுக்கவில்லை. எங்கள் பக்கம் தீனி எடுக்காத பன்றியைச் சாக விடமாட்டார்கள். அதற்குள் அறுத்துக் கூறு போட்டுவிடுவார்கள். வேக வைத்தால் எல்லாம் போய்விடும் என்பது கணக்கு. பிடித்தவனுக்கு ஈரலோடு ஒரு கூறு. அதை வாழை இலையில் கட்டிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பை மாற்றினேன். டாக்டர் சொன்னபடி பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்தேன். பிறகு கறியை அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் கழுவி, அந்தத் தண்ணீரை வழக்கம்போல மிச்சச் சோற்று டிரம்மில் ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். பன்றிகளுக்கு என்ன போடுகிறீர்கள், யார் வந்து போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வெளியிலிருந்து பன்றிக் கறி வீட்டுக்கு வந்ததா என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். ஏன் கேட்கிறார் என்பதையும் டாக்டரே விளக்கினார். கொதித்தால் கிருமி செத்துவிடும், ஆனால் பச்சைக் கறியிலும் அதைக் கழுவிய தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வண்டி கிளம்பியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ, நாளைக்கே இங்க குழி வெட்டிடுவாங்க.”

“டிரம்மு தண்ணி எதெதுக்குக்கா ஊத்துன?”

“பின்னால மூணுக்குத்தான். சினைக்குப் போயி எச்சி சோறு போடுவனா? இன்னாடா, அதுகூடத் தெரியாதா உனுக்கு?”

கடைசி மாதத்தில் சினைக்குக் காய்ச்சிய தவிட்டுக் கஞ்சி மட்டும்தான் கொடுப்பார். புளித்தது போட்டால் குட்டி தங்காது என்று அவருக்கு நம்பிக்கை. அதை நினைத்துச் சமாதானம் அடையப் பார்த்தேன். முடியவில்லை. பின் கொட்டிலில் ஒன்று தும்மினாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். காது சிவந்திருக்கிறதா, கால் பின்னுகிறதா என்று பார்த்தே இரண்டு நாள் போனது.

வியாழக்கிழமை டாக்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அரியாங்குப்பம் பக்கம் ஒரு பட்டிக்குப் போனேன். அங்கே முப்பது பன்றிகள் என்றார் வழியில். கறி தூக்கிய என் கையைப் பார்த்துக்கொண்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“யார் வூட்டுக் கறிண்ணா அது?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்காவின் சினையை மட்டும்தான் நினைத்திருந்தேன். பெரியவரின் வீட்டையும் சொன்னேன்.

டாக்டர் வந்து அக்காவிடம் சொன்னபடி, அன்று முதல் சினைக்கு அக்கா மட்டும், பின் கொட்டிலுக்கு நான் மட்டும் என்றாகிவிட்டது. வாளி தனி, துடைப்பம் தனி. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மறுநாள் காலை, “காய்ச்சல் இருக்குதா?” என்று மட்டும் சுவருக்கு மேல் கேட்டார். தெர்மாமீட்டரைப் பார்த்து இல்லை என்றேன். தினமும் எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஏழாம் நாள் மூன்றில் ஒன்று தீனியை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சூடும் இருந்தது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் சினை கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது மட்டும் எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது. எங்கள் பட்டியில் அந்தக் காய்ச்சல் இல்லை. படுத்தது எழுந்து தின்னவும் ஆரம்பித்திருந்தது. ஆனால் கரிக்கலாம்பாக்கத்தில் எடுத்த ரத்தத்தில் உறுதியாகிவிட்டது. கயிறு போட ஆள் வேண்டும் என்றார் டாக்டர்.

நோய் உறுதியான பட்டிக்குப் போனால் உடனே திரும்ப அக்காவின் பட்டிக்குள் நுழைய முடியாது என்று எனக்குத் தெரியும். போனேன்.

பெரியவரின் பட்டியில் அதற்குள் இரண்டு செத்திருந்தன. பதினொன்று மிச்சம். குழி வெட்டி வைத்திருந்தார்கள். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

“நீதான் சொன்னியா?”

“ஆமாம்பா.”

அவர் குழிப் பக்கம் கையைக் காட்டினார். “கயிறு போட ஒழுங்காத் தெரிஞ்சவன் நீதான். நல்லாப் புடி. துள்ளாம போவட்டும்.”

பதினொன்றையும் பிடித்தேன். ஒன்றுகூடத் துள்ளவில்லை. என் உடுப்பை எரித்துவிட்டு வேறு லுங்கி கொடுத்தார்கள்.

சாயங்காலம் உறுவையாற்றுக்கு வந்து, அக்காவின் வீட்டுக்கு எதிரே சாலையிலேயே நின்றேன். அவர் படலுக்குப் பின்னால் வந்தார்.

“உள்ள வராத” என்றார் முதலில். பிறகு, “மத்தியானம் போட்டுச்சி. ஒம்போது” என்றார்.

என் பையைக் கொண்டுவந்து சாலை ஓரத்தில் வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அவர் படல் வரைக்கும் பின்னால் நகர்ந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டேன். முன் கொட்டிலில் குட்டிகள் முட்டிமோதிக் கத்துவது சாலை வரை கேட்டது. அவற்றில் ஒன்றையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.