எலுமிச்சம்பழம் வைக்க எடுத்த கல்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

கொரட்டூரில் மாமனார் ஓட்டிய பழைய பிக்கப் வண்டியை என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் ஆசையாகப் பழுது பார்த்தார். வெள்ளோட்டத்தன்று அவர் குளிக்கப் போயிருப்பதாக நினைத்தேன். நல்ல நேரம் போகிறதே என்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க, அங்கே முட்டுக் கொடுத்திருந்த கல்லை இழுத்துவிட்டேன். வாசல் சரிவில் வண்டி நகர்ந்தது.

"ஏமே, வண்டிக்குக் கீழ கீறேன்மே!"

பிரேக்கை முடுக்கப் படுத்திருக்கிறார்! கதவைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. அந்தக் கல்லையே காலால் உதைத்துத் தள்ளினேன். அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிச் சக்கரம் நின்றது.

வெளியே வந்தவர், "பழத்துக்குப் பதிலா என்னை வைக்கப் பாத்தியே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

இப்போதெல்லாம் ஆயுதபூசையில் அவர் என் எதிரே வந்து நின்ற பிறகுதான் பழத்தைக் கையில் எடுக்கிறேன். கல்லை அவரே எடுக்கட்டும்.