கோணல் இட்லி

எட்டு வயதில் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெரிய பதவி இருந்தது. தாராவியில் எங்களுடையது இட்லி போடும் வீடு. அம்மா விடியுமுன்பே அவித்துக் கொட்டத் தொடங்குவாள். அப்பா அலுமினிய அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா தெருக்களில் ஹாரன் அடித்து விற்பார். இட்லித் தட்டுக்கும் அண்டாவுக்கும் நடுவில் நான். ஓரம் பிய்ந்தது, நடு குழிந்தது, கோணலானது எதுவும் என் கண்ணைத் தாண்டி அண்டாவுக்குள் போக முடியாது. எல்லாம் கழிசல் சட்டியில் விழும். "கலெக்டர் கணக்கா உக்காந்திருக்கா பாரு" என்று அம்மா கேலி செய்வாள். எனக்கோ பெருமை தாங்காது.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது. முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். சளியும் இருமலும் அவனை விட்டதேயில்லை. கண்ணேறுதான் என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே அவன் வியர்வையையும் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா மாட்டுங்காத் தமிழர்.

"என்ன தொழில் பண்றேள்?" என்று கேட்டார்.

"இட்லி போட்டு விக்கிதோம், மேடம்."

"அப்போ சொன்னாப் புரியும். உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு சமையல்கட்டு. புரதத்தைச் செஞ்சு, மடிச்சு, எங்கெங்கே போகணுமோ அங்கே அனுப்பிண்டே இருக்கும். அதுல ஒரு புரதம் செல்லோட வாசல்ல போய் நின்னு உப்பை உள்ளேயும் வெளியேயும் விடணும். உங்க குழந்தையோட உடம்பும் அதைச் செய்யறது. ஆனா கொஞ்சம் கோணலா மடிஞ்சுடறது. உள்ளேயே செக்கிங் உண்டு, கோணலைப் பாத்தா அழிச்சுடும். வாசல் வரைக்கும் வரதே இல்லை. அதான் வியர்வைல உப்பு ஏறிடறது, நெஞ்சுல சளி கட்டிக்கறது."

அப்பா, "கோணலோடயே வாசலுக்கு வந்துட்டா, வேல செய்யுமா மேடம்?" என்றார்.

"ஓரளவு செய்யும். ஆனா விடமாட்டேங்கறதே! அதுக்கு இன்னும் மருந்து வரலை. சளியை எடுத்து எடுத்து, ஜாக்கிரதையா வளக்கணும்."

எங்கள் வீட்டில் கோணலைக் கண்டால் தூக்கிப் போடுகிறவள் யார்? நான்தானே! என்னைப் பார்த்துத்தான் தம்பிக்குள்ளேயும் அப்படி நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து ஒரு இட்லியைக்கூடக் கழிக்கவில்லை. பிய்ந்ததையும் குழிந்ததையும் நல்ல இட்லிகளுக்கு அடியில் ஒளித்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அப்பா கால் அண்டா இட்லியோடு திரும்பி வந்தார்.

"இதும்மேல யாரும் ஏறி உக்காந்துட்டாவளானு கேக்கான் ஒரு சேட்டு. ஏட்டி, நீ பாக்கலியா?"

ஓவென்று அழுதுவிட்டேன். "கோணல நான் தூக்கிப் போட்டா தம்பி செத்துருவாம்ப்பா!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அடி நிச்சயம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை.

"நாளைலேர்ந்து எப்பவும் போலக் கழிச்சுப் போடு. கழிச்சதையும் நான் கொண்டுபோறேன்" என்றார்.

மறுநாள் கோணல் இட்லிகளைத் தனித் தூக்குவாளியில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனார். மதியம் வந்ததும் வாளியை என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தியா? கோணலும் வாசலத் தாண்டிப் போயிட்டு."

மாதக்கணக்கில் இது நடந்தது. வாளி கவிழ்ந்ததும் ஓடிப் போய்த் தம்பியின் கையை நக்கிப் பார்ப்பேன். உப்பு அப்படியேதான் இருக்கும். அந்த நாட்களில் அப்பா மதியம் வீட்டில் சாப்பிட்டதேயில்லை, "பசிக்கல" என்பார். ரயில் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து அத்தனை இட்லியையும் அவரே தின்று தீர்த்தார் என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தம்பிக்கு இப்போது இருபது வயது. இதைச் சொன்னால் இருமலுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

எனக்காகத்தான் அப்பா அந்த நாடகம் ஆடினார் என்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், சமீபத்தில் இன்னொன்று நினைவுக்கு வரும்வரை. வாளியைக் கவிழ்த்த கையோடு அவர் தம்பியைத் தூக்கி நெற்றியில் முத்தம் கொடுப்பார். பிறகு நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பார். கொஞ்சுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.