பேனரில் ஏறாத இரண்டு சொற்கள்

போராட்டமும் ஒரு தொழில்தான்; சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் தினப்படி. கொடுத்த துண்டறிக்கையிலேயே ஒருவர் பக்கோடா வாங்கிப் போவதைப் பார்த்து நின்ற தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நாங்கள் சிலர் 'அமைதி மற்றும் சமூக நீதி மன்றம்' தொடங்கினோம். முதல்வருக்கு அமைதி பிடித்தது. சமூக நீதிதான் இடித்தது. விடுதியில் தலித் மாணவர்களுக்குத் தனித் தண்ணீர்ப் பானை இருந்த காலம். அந்தப் பானையை உடைத்துவிட்டுத்தான் அந்த இரண்டு சொற்களையும் பெயரில் ஏற்றினோம். படிப்பு முடிந்தும் நான் மன்றத்தை விடவில்லை. எனக்கென்று சொத்து ஏதாவது உண்டென்றால் அந்த இரண்டு சொற்கள்தான்.

மௌனத்துக்கு அனுமதி

மேட்டூர் திறக்காமல் குறுவை கருகிய வருடம். மௌன ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையம் போனேன். கோஷங்களை எழுதித் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். "மௌன ஊர்வலம் சார், கோஷமே கிடையாது" என்றேன். அவர் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிச் சொன்னார்:

"சரி, யாரை எதிர்த்துப் பேசாம இருக்கப் போறீங்க? அதை எழுதிக் குடுங்க."

மண்டபக் கைது

நெல் வயலை இறால் பண்ணையாக்காதே என்று நாகப்பட்டினம் சாலையில் மறியல். வழக்கம்போலக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். அன்று அங்கே ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்களை விடுவிப்பதற்குள் நாதஸ்வரம் வந்துவிட்டது, பிறகு இலையும் வந்தது. பசி. கொடியை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தோம். காவலுக்கு வந்த ஏட்டும் பக்கத்து இலையில்.

பெண்ணின் தாய்மாமன் குனிந்து, "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று விசாரித்தார். ஏட்டு அப்பளத்தை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார்:

"இவங்க ஸ்டேஷன் வீட்டு ஆளுங்க."

பெயர் கேட்டால்

பிறகு ஊரே சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பியது. மாணவர்கள் மறியலுக்கு வந்தார்கள்; வழக்குக்கு வர மறுத்தார்கள். வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் தராமல் இழுத்தடிப்பார்களாம். அப்போதைய மன்றச் செயலாளர் அந்தோணி, கும்பகோணத்துப் பையன், போலீஸ் வேனில் ஏறும்போது என் காதில் சொன்னான்:

"தோழர், பேரு கேட்டா உங்க பேரையே சொல்லிடறேன். உங்களுக்குத்தான் எங்கயும் போற வேலை இல்லையே."

வெள்ளி விழா

மன்றத்துக்கு வெள்ளி விழா வந்தது. சிங்கப்பூரில் நன்றாக இருந்த அந்தோணிதான் செலவை ஏற்றான். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர்: ஒரு பக்கம் கோட்டு போட்ட அந்தோணி, மறுபக்கம் கும்பிடும் தாளாளர், நடுவே கொழுத்த வெள்ளைப் புறா. மேலே கொட்டை எழுத்தில் 'அமைதி மன்றம்'. அவ்வளவுதான்.

"என் சொல் ரெண்டும் எங்கடா?" என்று கத்தினேன். அந்தோணி ஃப்ளெக்ஸ் கடைக்காரரைக் காட்டினான். அவர் பொறுமையாக விளக்கினார்:

"தாளாளர் சாரைச் சின்னதாக்கினா கோவிச்சுக்குவாரு. புறாவை எடுத்தா அமைதி போயிடும். சமூக நீதிக்கு இடம் பத்தலைங்க."

இடம் இருந்தது. ஏணி போட்டு ஏறினேன். இப்போதைய செயலாளர் கலைச்செல்வி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பெருசா எழுதுங்க தோழர்" என்றாள். காலியாக இருந்த ஒரே இடமான புறாவின் வயிற்றில், சிவப்புப் பெயிண்டில் 'சமூக நீதி' என்று எழுதினேன். விழாவுக்கு வந்த பெற்றோர் ஒருவர் அண்ணாந்து படித்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"பரவாயில்லையே, புறாவுக்குக்கூடப் பேரு வெச்சிருக்காங்க!"

பானையை உடைத்து நாங்கள் ஏற்றிய சொற்கள் இப்போது பறவையின் வயிற்றில் இருக்கின்றன தோழர்களே, செரிப்பதற்குள் இன்னொரு ஏணி தேட வேண்டும்.